காவல் வேண்டியது வாயிலுக்கா, நாவுக்கா?

முஹர்ரம் பிறை தோன்றினாலும், ரமளான் பிறை தோன்றினாலும், ரபீஉல் அவ்வல் மாதம் பிறந்தாலும் முஸ்லிம் நாடுகளிலிருந்து வரும் செய்திகள் ஏறத்தாழ ஒரே தன்மையனவாக இருக்கின்றன. எத்தனை ஆயிரம் காவலர் நிறுத்தப்பட்டனர். எந்தெந்தத் தெருக்கள் சரக்குப் பெட்டகங்களைக் கொண்டு அடைக்கப்பட்டன. எந்த நகரத்தில் கைப்பேசித் தொடர்பு துண்டிக்கப்பட்டது. எங்கே இரு சக்கர வண்டியில் இருவர் சேர்ந்து செல்லத் தடை. எந்த மௌலவி எந்த மாவட்டத்துள் நுழையக் கூடாது: இவையே அச்செய்திகள். வணக்கத்தைப் பற்றிய செய்தி போரைப் பற்றிய செய்தி போன்று இருக்கிறது. அதை நாமும் காலைத் தேநீரோடு வாசித்துவிட்டு, 'அல்லாஹ் காப்பாற்றுவானாக' என்று கூறி அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயத்தில் அச்சநேரத் தொழுகை கூறப்பட்டுள்ளது. களத்தில் பகைவர் எதிரே நிற்கும் வேளையில், ஒரு பிரிவினர் இமாமின் பின்னே தொழ, மற்றொரு பிரிவினர் ஆயுதந்தாங்கிக் காவல் நிற்க வேண்டும். பின்னர் இவர்கள் தொழ அவர்கள் காக்க வேண்டும். ஃபிக்ஹு நூல்களில் 'ஸலாத்துல் கவ்ஃப்' என்னும் தலைப்பில் இச்சட்டம் விரித்துரைக்கப்படுகிறது. மத்ரஸாக்களில் இப்பாடம் நடக்கும்போது, இக்காலத்தில் இதற்கு என்ன வேலை என்று மாணவர்கள் வினவுவதுண்டு. இதோ வேலை வந்துவிட்டது! கராச்சியிலும் கர்பலாவிலும் கந்தஹாரிலும் ஒரு சாரார் தொழ, ஒரு சாரார் துப்பாக்கியுடன் வாயிலில் நிற்கின்றனர். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பாடத்தில் கூறப்படும் பகைவன் நமக்கு எதிரே நிற்பவன். இன்று அஞ்சப்படுபவனோ நம்முடன் அதே கிப்லாவை நோக்கி நிற்பவன்.

நாம் கூற வந்ததை முதலிலேயே கூறிவிடுகிறோம். பள்ளிவாசல் வாயிலுக்குக் காவலரை வரவழைத்தது கலிமாச் சொன்னவனைக் 'காஃபிர்' என்று கூசாமல் கூறும் நாவேயாகும். அந்நாவுக்குக் காவல் வைக்காமல் வாயிலுக்கு மட்டும் எத்தனை காவல் வைத்தாலும் அது போதாது. அந்நாவுக்குக் காவல் வைப்பது காவல்துறையின் கடமையன்று; ஆலிம்களின் கடமை, ஜமாஅத்தாரின் கடமை, ஒவ்வொரு குடும்பத்தின் கடமை.

இது நம் சொந்தக் கற்பனையா என்று வரலாற்றைப் புரட்டிப் பாருங்கள். ஹிஜ்ரி 23இல் (கி.பி. 644) கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மதீனப் பள்ளியில் சுப்ஹுத் தொழுகை நடத்துகையில் குத்தப்பட்டார்கள். குத்தியவன் யார் என வினவி, அவன் இஸ்லாத்தை மொழிந்தவன் அல்லன் என்றறிந்ததும், அந்த மரணத் தறுவாயிலும் அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள் என ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. தம் குருதி ஒரு முஸ்லிமின் கையால் சிந்தவில்லை என்பது அவர்களுக்கு ஆறுதலாயிருந்தது. அந்த ஆறுதல் நெடுநாள் நிலைக்கவில்லை. ஹிஜ்ரி 40இல், ரமளான் மாதத்தில், கூஃபாவில் சுப்ஹு வேளையில் அலீ (ரலி) அவர்களை வாளால் வெட்டியவன் இப்னு முல்ஜம். அவன் குர்ஆன் ஓதுவதில் பெயர்பெற்றவன். காரிஜிய்யாக் கூட்டத்தைச் சேர்ந்தவன். 'அலீ மார்க்கத்தை விட்டு வெளியேறிவிட்டார்' என்பது அக்கூட்டத்தின் தீர்ப்பு. அதே நாளில் முஆவியா (ரலி) அவர்களையும் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களையும் கொல்ல இருவர் புறப்பட்டனர். முன்னவர் காயத்துடன் தப்பினார். பின்னவர் நோயால் தொழுகைக்கு வராததால் அவருக்குப் பகரமாக நின்ற வேறொருவர் கொல்லப்பட்டார்.

பள்ளிவாசலுக்குள் ஆட்சியாளர் தொழுவதற்கென 'மக்ஸூரா' என்னும் அடைப்பு அமைக்கப்பட்ட கதை இதனோடு தொடர்புடையது. காரிஜி ஒருவன் தம்மைக் குத்திய பின்னர் அதனை முதன்முதலில் அமைத்தவர் முஆவியா என இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வில் குறிப்பிடுகிறார். மர்வான் அமைத்தார் என்னும் கூற்றையும் அவர் தருகிறார். எவராயினும் ஆகுக. இறையில்லத்துள் எழுந்த அந்தப் பழைய பாதுகாப்பு ஏற்பாடு வெளிப்பகைவனுக்கு அஞ்சி எழுந்ததன்று. ஸஃப்பில் நிற்பவனுக்கு அஞ்சி எழுந்தது. இன்றைய சோதனை வாயிலும் கண்காணிப்புக் கருவியும் அந்த மக்ஸூராவின் பேரப்பிள்ளைகளே.

'இவையெல்லாம் அரபு நாட்டுக் கதை, பாகிஸ்தான் கதை. தமிழ் பேசும் முஸ்லிம்கள் சாந்தமானவர்கள்' என்று சிலர் கூறக் கேட்கிறோம். அவர்களை நாம் கடல் கடந்து நெடுந்தூரம் அழைத்துச் செல்லப் போவதில்லை. நம்மைப் போலவே தமிழில் பேசி, தமிழில் பயான் கேட்டு வாழும் இலங்கைக் கிழக்குக் கரைக்கு வாருங்கள். மட்டக்களப்புக்கு அருகே காத்தான்குடி என்னும் ஊர். 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் இரவு, மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனிய்யாப் பள்ளியிலும் இஷாத் தொழுதுகொண்டிருந்தவர்கள் மீது விடுதலைப் புலிகளின் துப்பாக்கிகள் வெடித்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர், சிறுவர் உட்பட, தொழுகை விரிப்பிலேயே மாண்டனர். ஸுஜூதில் இருப்பவனைச் சுடுவது எத்தகைய கொடுமை என்பதை உலகில் எந்த ஊரேனும் உள்ளபடி அறிந்திருக்குமானால், அது காத்தான்குடியே.

அவ்வூர் பின்னர் என்ன கண்டது? சூஃபி வழியைப் போதித்த மௌலவி ஒருவரை மார்க்கத்தை விட்டு நீங்கியவர் எனக் கூறும் ஃபத்வா 1979லேயே அந்நாட்டு ஆலிம்கள் சபையால் வழங்கப்பட்டிருந்தது. அதன் கல்வி நுட்பங்களை இங்கே நாம் ஆராயவில்லை. ஏட்டில் எழுதிய தீர்ப்பு ஏட்டோடு நின்றதா என்பதே நம் கேள்வி. நிற்கவில்லை. 2004இல் அவ்வூரில் பயில்வான் என அழைக்கப்பட்ட மற்றொரு சூஃபிப் பெரியவரின் சீடர்கள் தாக்கப்பட்டனர். 2006 டிசம்பரில் அவர் இறந்து அடக்கம் செய்யப்பட்டபோது, கூட்டம் திரண்டு கப்ரைத் தோண்டி உடலை வெளியே எடுத்தது. இறந்தவனின் எலும்பை முறிப்பதும் உயிருள்ளவனின் எலும்பை முறிப்பது போன்றதே என்னும் பொருள்பட நபிமொழி இருக்க, அதைக் கற்ற சமுதாயத்தில் இது நடந்தது!

அதே மண்ணில், அதே சூழலில், அவ்வூர் மத்ரஸா ஒன்றில் ஓதி இடையில் நீக்கப்பட்ட ஸஹ்ரான் என்னும் வாலிபன் மேடையேறினான். அவன் முதலில் எடுத்த வாள் கிறிஸ்தவர் மீது எடுத்ததன்று. சூஃபிகள் மீது எடுத்தது. 2017 மார்ச் 10ஆம் நாள் காத்தான்குடி அலியார் சந்தியில் அவன் கூட்டத்தாருக்கும் சூஃபி மௌலவியின் ஆதரவாளருக்கும் கைகலப்பு மூண்டு, ஆயுதங்கள் வீசப்பட்டுப் பலர் காயமுற்றனர். அவன் தலைமறைவானான். அவன் பேச்சின் தீமையை ஊர் முஸ்லிம்களே எடுத்துக்கூறி முறையிட்டும் பயனில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று, கொழும்பு கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களில் வழிபட்டுக்கொண்டிருந்தவர்களையும், கொழும்பு ஓட்டல்களில் உணவருந்திக்கொண்டிருந்தவர்களையும் அவனும் அவன் கூட்டாளிகளும் கொன்றனர். மாண்டவர் 260க்கும் மேற்பட்டோர். அடுத்த வெள்ளிக்கிழமை சாய்ந்தமருதில் அக்கூட்டத்தார் தங்கியிருந்த வீடு சுற்றிவளைக்கப்பட்டபோது, தாமே வெடித்துக்கொண்டனர். அங்கு இறந்த 15 பேரில் 6 பேர் குழந்தைகள்.

சூஃபியைக் காஃபிர் எனக் கூறிப் பழகிய நாவுக்கு, உயிரின் மதிப்பு அங்கேயே அழிந்துபோயிற்று. அதன்பின் தேவாலயத்தில் மண்டியிட்ட ஏழைத் தாய் அதன் கண்ணுக்கு மனிதப் பிறவியாகத் தெரியுமா? உள்வீட்டில் கூர்தீட்டிய கத்தி வெளிவீட்டில் பாய்ந்தது என்பதே காத்தான்குடி நமக்குக் கற்பிக்கும் பாடம்.

இதனால் ஒரு சாரார் மட்டுமே குற்றவாளி எனக் கொள்ளவும் வழியில்லை. 2009 ஜூலையில், இலங்கையின் மேற்குக் கரையில், பேருவளையில் என்ன நடந்தது? ஆண்டுதோறும் அங்குள்ள தக்கியாவில் ஸஹீஹுல் புகாரியை ஓதி முடித்து விழா எடுப்பர். அவ்விழாவைக் குறை கூறிப் பயான் செய்தனர் என்னும் கோபத்தில், தவ்ஹீது வாதிகளின் பள்ளிவாசல் ஒன்றைக் கூட்டம் தாக்கித் தீ வைத்தது. இருவர் உயிரிழந்தனர். நபிமொழித் தொகுப்பை ஓதும் புண்ணியத்தின் பெயரால், அந்நபிமொழிகள் தடுத்த குருதியைச் சிந்தினர். அடுத்த ஆண்டு, 2010 செப்டம்பரில், ரமளான் மாதத்தில், நம் சோழநாட்டிலேயே, திருவாரூர் மாவட்டம் திருவிடைச்சேரியில், தொழுகை பற்றிய குழுச் சண்டை முற்றித் துப்பாக்கியால் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். காவிரியின் கிளை பாயும் ஊர் அது. இங்கிருந்து அரைநாள் பயணமும் ஆகாது. 'அரபு நாட்டுக் கதை' என்போர் இதற்கு என்ன விடை வைத்திருக்கிறார்கள்?

அவர்களுடைய விடை நமக்குத் தெரியும். 'மூன்றாவது கை இருக்கிறது. நம் பகைவர் தூண்டிவிடுகின்றனர்' என்பர். தூண்டுவோர் உலகில் இல்லை என நாம் கூறவில்லை. ஆனால் மூன்றாவது கைக்கு வாயில் திறந்துவிட்டது யார் கை? இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. இத்திருவானைக்காவலும் திருவரங்கமுமே சான்று. 1752இல் ஆர்க்காட்டு நவாபுப் பதவிக்காகச் சந்தா சாகிபும் முஹம்மதலியும் திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்து போரிட்டனர். ஒருவர் பின்னே பிரெஞ்சுக்காரர்; மற்றவர் பின்னே ஆங்கிலேயர். பிரெஞ்சுப் படையும் சந்தா சாகிபும் இத்தீவின் கோயில் மதில்களுக்குள் ஒதுங்கி நின்று, முடிவில் சரணடைந்தனர். சந்தா சாகிபின் தலை வெட்டப்பட்டது. வென்ற முஹம்மதலியின் வாரிசுகளிடம் 1801இல் எஞ்சியது பட்டமும் உதவித்தொகையுமே. நாடு கும்பினியாருக்குப் போயிற்று. இன்று அவ்விருவரின் அடக்கத்தலங்களும் திருச்சி நத்தர்வலி தர்கா வளாகத்திலேயே இருக்கின்றன. அது மத்ஹபுச் சண்டையன்று, பதவிச் சண்டை. ஆயினும் பாடம் ஒன்றே. மூன்றாவது கை, நம் இரு கைகள் ஒன்றையொன்று பிடித்து முறுக்கும்போதுதான் பெட்டியைத் திறக்கிறது.

இன்னொரு சாரார் வேறு வாதம் கொண்டு வருகின்றனர். 'ஷிர்க்கையும் பித்அத்தையும் கண்டிப்பது கடமையன்றோ? ஒற்றுமை என்று கூறி உண்மையை மறைப்பதா?' என்று கேட்கின்றனர். மறைக்க வேண்டா. கண்டியுங்கள். ஆதாரம் காட்டுங்கள். மறுப்பு எழுதுங்கள், மறுப்புக்கு மறுப்பும் எழுதுங்கள். நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளாக அதைச் செய்தே கல்வியை வளர்த்தனர். ஆனால் 'இது தவறு' என்பதற்கும் 'இதைச் செய்பவன் காஃபிர்' என்பதற்கும் இடையே ஓர் ஆழமான அகழி உண்டு. அதைத் தாண்டுவதற்கு முன் உஸாமா (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை நினையுங்கள். போர்க்களத்தில் வாள் ஓங்கிய வேளையில் எதிரி கலிமாச் சொன்னான். உயிருக்கு அஞ்சியே சொன்னான் என்றெண்ணி உஸாமா அவனைக் கொன்றார். செய்தியறிந்த பெருமானார் (ஸல்) அவர்கள், அவன் நெஞ்சைப் பிளந்து பார்த்தீரா என்ற பொருள்படக் கேட்ட கேள்வியை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. போர்க்களத்தில், வாள்முனையில் சொன்ன கலிமாவுக்கே அந்த மதிப்பு எனில், அறுபது ஆண்டுகள் ஐவேளையும் தொழுத முதியவரின் கலிமாவுக்கு, அவர் மௌலிது ஓதுகிறார் என்பதற்காகவோ, ஓத மறுக்கிறார் என்பதற்காகவோ மதிப்பில்லாமல் போகுமா? தன் சகோதரனைக் காஃபிர் என்று அழைப்பவன் கூற்று, அவனுக்குப் பொருந்தாவிடில் கூறியவனிடமே திரும்பும் என்னும் கருத்துடைய நபிமொழியை மேடைப் பேச்சாளர்கள் எங்கே ஒளித்து வைத்திருக்கின்றனர்?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் கிலாபத்தின் குழப்பங்களைக் கண்டவர்கள். கொள்கைப் பிழைகளைக் கடுமையாகச் சாடியவர்கள். அவர்களே 'ஃபைஸலுத் தஃப்ரிகா' என்னும் நூலை எழுதி, எவனையும் காஃபிர் எனத் தீர்ப்பளிப்பதில் எத்தனை எச்சரிக்கை வேண்டும் என்பதை விளக்கினார்கள். நம் காலத்திலும் இதற்கு முயற்சி நடந்தது. 2004இல் ஜோர்தானில் வெளியான அம்மான் பிரகடனத்தைத் தொடர்ந்து, 2005 ஜூலையில் ஐம்பது நாடுகளைச் சேர்ந்த இருநூறு அறிஞர்கள் கூடி, நான்கு சுன்னீ மத்ஹபுகளோடு ஷீஆக்களின் ஜஅஃபரீ, ஸைதீ வழிகளையும், இபாளீ, ழாஹிரீ வழிகளையும் பின்பற்றுவோர் எவரையும் காஃபிர் எனக் கூறலாகாது என முடிவு செய்தனர். அம்முடிவை நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் எத்தனை பயான்களில் கேட்டிருக்கிறீர்கள்? தூற்றும் பேச்சு ஒரு நாளில் ஊரெங்கும் பரவ, இணைக்கும் தீர்ப்பு இருபது ஆண்டுகளாகியும் ஏட்டை விட்டு இறங்கவில்லை. 1953இல் பஞ்சாபில் நடந்த கலவரங்களை விசாரித்த முனீர் குழு, 1954இல் வெளியிட்ட அறிக்கையில், முஸ்லிம் யார் என்பதற்கு வரைவிலக்கணம் கூறுமாறு ஆலிம்களைக் கேட்டபோது இருவர் கூட ஒத்த விடை தரவில்லை என எழுதி வைத்தது. அது நம்மை நாணச் செய்ய வேண்டிய ஏடு. ஒவ்வொருவர் தீர்ப்பையும் ஏற்றால் உலகில் முஸ்லிமே எஞ்சமாட்டான்!

மூன்றாவதாக ஒரு சாரார், 'பேச்சை விடுங்கள். காவலைப் பெருக்குங்கள், எல்லாம் சரியாகும்' என்பர். காவல் வேண்டாம் என நாம் கூறவில்லை. அச்சநேரத் தொழுகையைக் கற்பித்த மார்க்கம், வணங்குவோரைக் காப்பதும் வணக்கமே எனக் கற்பித்தது. 2016 ஜூலை 4, ரமளான் 29ஆம் நோன்பு அன்று, மதீனாவில் நபிப் பள்ளியருகே தற்கொலைக் குண்டுதாரியைத் தடுத்து நின்ற நான்கு காவலர்கள் உயிர்நீத்தார்கள். அவர்களுக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். ஆயினும் காவலின் எல்லையை அறிய வேண்டும். 2004 மார்ச் 2, ஆஷூரா நாளில் கர்பலாவிலும் காழிமிய்யாவிலும் குண்டுகள் வெடித்து 170க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2006 ஏப்ரலில் கராச்சி நிஷ்தர் பூங்காவில் மீலாது கூட்டத்தில் 50க்கும் மேற்பட்டோர், அவர்களில் சுன்னத் வல் ஜமாஅத்தின் தலைவர்கள் பலர், கொல்லப்பட்டனர். 2017 பிப்ரவரியில் சிந்துவிலுள்ள சேவான் தர்காவில் 80க்கும் மேற்பட்டோர். அதே ஆண்டு நவம்பரில் எகிப்தின் சினாயில், ரௌளாப் பள்ளியில் ஜும்ஆத் தொழவந்த 300க்கும் மேற்பட்டோர். 2024 ஜூலையில், அமைதிக்குப் பெயர்போன ஓமான் நாட்டில்கூட, ஆஷூராவுக்கு முந்திய இரவில் ஷீஆப் பள்ளியில் துப்பாக்கிச் சூடு. சுன்னீ, ஷீஆ, சூஃபி என்று எவரும் தப்பவில்லை என்பதை இந்தக் கணக்கிலிருந்து அறியலாம்.

அச்சமே ஆயுதமாவதும் உண்டு. 2005 ஆகஸ்ட் 31 அன்று பக்தாதில், இமாம் மூஸல் காழிம் (ரஹ்) அவர்களின் நினைவு நாளில், டைகிரிஸ் ஆற்றின் மேலுள்ள 'இமாம்களின் பாலத்தில்' மக்கள் கூட்டம் நெருக்கியடித்துச் சென்றது. கூட்டத்துள் குண்டுதாரி இருக்கிறான் என்றொரு வதந்தி எழுந்தது. பாலத்தின் மேல் குண்டு ஏதும் வெடிக்கவில்லை. நெரிசலிலும் ஆற்றிலும் 900க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்பாலத்தின் ஒரு கரையில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அடங்கிய அஃளமிய்யா. மறுகரையில் இமாம் மூஸல் காழிம் அடங்கிய காழிமிய்யா. அன்று சுன்னீக் கரையிலிருந்து உஸ்மான் என்னும் இளைஞர் ஆற்றில் குதித்து, மூழ்கிய ஷீஆ யாத்திரிகர்களை ஒவ்வொருவராகக் கரை சேர்த்தார். இறுதியில் களைத்து, தாமும் மூழ்கி இறந்தார். தண்ணீரில் தத்தளித்தவரிடம் அவர் மத்ஹபு கேட்கவில்லை. ஆயிரம் காவலர் ஒருசேரச் செய்ய முடியாததை அந்த ஒரு வாலிபர் செய்தார்.

காவலை மட்டும் நம்பும் சமுதாயம் மற்றொரு விலையும் கொடுக்க நேரும். உயிர்த்த ஞாயிறுக்குப் பின் இலங்கையில் ஜும்ஆப் பிரசங்கங்களின் படியை அரசிடம் ஒப்படைக்குமாறு பள்ளிவாசல்களுக்கு ஆணை பிறந்தது. முகத்திரைக்குத் தடை வந்தது. அந்த ரமளானிலேயே, 2019 மே மாதத்தில், குருநாகல், மினுவாங்கொடைப் பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிகளும் தாக்கப்பட்டன. முஸ்லிம் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். ஸஹ்ரானை எதிர்த்து முறையிட்டவர்களின் கடைகளும் அவனைக் கண்டே அறியாதவர்களின் கடைகளும் ஒன்றுபோல் எரிந்தன. அந்தக் கலவரக்காரர்களின் குற்றத்தை நாம் குறைத்துக் கூறவில்லை. அது தனிக் குற்றம். ஆனால் மிம்பருக்குரிய கட்டுப்பாட்டை நாமே வைத்துக்கொள்ளாவிடில், வேறெவரோ வந்து வைப்பர் என்பதை மறந்துவிடலாகாது.

நம் அண்டையாரைப் பாருங்கள். வைகுண்ட ஏகாதசிக் காலத்தில் திருவரங்கத்தில் காவலரும் சோதனை வாயில்களும் நிறைந்திருப்பதை நாம் காண்கிறோம். அவை பெருங்கூட்டத்தையும் திருடரையும் அயலாரின் தீங்கையும் எண்ணி வைக்கப்படுபவை. அவர்களிடையே உட்பூசல் இல்லையா? வடகலை, தென்கலை வழக்கு காஞ்சிபுரத்தில் தலைமுறை தலைமுறையாக நடந்தது. இத்திருவானைக்காவலிலேயே அகிலாண்டேசுவரியின் தாடங்கப் பிரதிஷ்டை உரிமை பற்றி இரு மடங்கள் 19ஆம் நூற்றாண்டில் வழக்காடின. அவ்வழக்குகள் நீதிமன்றப் படியேறின. அண்டை வீட்டாரிடம் நல்லதைக் காணும்போது அதை எடுத்துக்கூற நாம் தயங்க வேண்டியதில்லை. வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுத்துச் சண்டையிடுவது, துப்பாக்கிக்குத் தோட்டா வாங்கிச் சண்டையிடுவதைவிட எவ்வளவோ மேல்.

நம்மிடமும் நல்ல மரபு இல்லாமலில்லை. சென்னையில் ஆயிரம் விளக்கு என்று ஒரு பேட்டையே பெயர் பெற்றது, முஹர்ரம் மஜ்லிசுக்காக அங்கு எழுந்த மண்டபத்தில் ஏற்றப்பட்ட விளக்குகளால் அன்றோ? அங்குள்ள ஷீஆப் பள்ளிவாசலைச் சுற்றிச் சுன்னீக்களும் பிற சமயத்தாரும் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். தஞ்சைக்கருகே காசவளநாடு புதூரில் முஹர்ரத்தை இந்துப் பெருமக்களே தலைமுறைகளாக அனுசரித்து வருகின்றனர். அதன் மார்க்கச் சட்டம் என்ன என்று நம்முள் விவாதிக்கலாம். அதன் அன்பை எவர் மறுக்க இயலும்? ஹனஃபி ஊரில் பெண் கொடுத்து ஷாஃபிஈ ஊரில் பெண் எடுத்து, சுப்ஹில் குனூத் ஓதுவோர் பின்னும் ஓதாதார் பின்னும் தொழுதவர்கள் நம் பாட்டன்மார். இமாம் அபூஹனீஃபாவின் அடக்கத்தலத்தருகே தொழுதபோது, அப்பெரியாரின் மீதுள்ள மரியாதையால் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் குனூத்தை விட்டார்கள் என நூல்கள் கூறுகின்றன. அந்த அதபு எங்கே? எட்டா, இருபதா என்று ரமளான் இரவில் கையோங்கும் இன்றைய நாம் எங்கே?

முஸ்லிம் நாடுகளிலும் நல்ல முன்மாதிரி உண்டு. 2015 ஜூன் 26, ரமளான் வெள்ளிக்கிழமை, குவைத்தில் இமாம் ஸாதிக் பள்ளியில் குண்டு வெடித்து 27 பேர் மாண்டனர். அந்நாட்டு அமீர் சற்று நேரத்தில் அங்கே வந்து நின்றார். மாண்ட ஷீஆக்களுக்கான துக்க விசாரிப்பு சுன்னீக்களின் பெரிய பள்ளிவாசலில் நடந்தது. அடுத்த வெள்ளியன்று இரு சாராரும் அங்கு ஒரே ஸஃப்பில் நின்று தொழுதனர். காவலும் பலப்படுத்தப்பட்டது, அதனோடு தோளும் தோளும் சேர்ந்தன. குண்டு வைத்தவன் பிளக்க எண்ணியது அதைத்தான். அதை அவர்கள் பிளக்கவிடவில்லை.

இனி நாம் செய்ய வேண்டியது யாது?

முத்தவல்லிகளே, ஜமாஅத் நிர்வாகிகளே! அடுத்த ரமளானுக்கு முன் உங்கள் மஹல்லாவில் ஒரு தீர்மானம் எழுதுங்கள். எந்த இயக்கத்தவராயினும், எத்துணைப் பெரிய பேச்சாளராயினும், கலிமாச் சொன்ன எவரையும் காஃபிர், முஷ்ரிக், முனாஃபிக் எனப் பெயர் கூறி மிம்பரில் பேசலாகாது. பேசினால் மறுபடி அழைப்பதில்லை என்று கையெழுத்திடுங்கள். கொள்கை வேறுபாட்டுக்காக எவருக்கும் நிகாஹ் தஃப்தரை மறுக்காதீர்கள். எவர் ஜனாஸாவுக்கும் மையவாடிக் கதவை அடைக்காதீர்கள். இன்று தஃப்தரை மறுக்கும் கை நாளை தனிப்பள்ளி கட்டும் கையை உண்டாக்குகிறது. தனிப்பள்ளிக்குள் தனி வெறுப்பு வளர்கிறது. அல்லாஹ்வின் பள்ளிகளில் அவன் பெயர் கூறப்படுவதைத் தடுப்போரை விட அநியாயக்காரர் யார் என்னும் கருத்துடைய இறைவசனம் பிற சமயத்தாரைப் பற்றியது மட்டும் என்று எண்ணி நிம்மதியடையாதீர்கள்.

ஆலிம் பெருமக்களே! நாமும் உங்களில் ஒருவராகவே கூறுகிறோம். மாணவனுக்கு மறுப்பு வாதங்களைக் கற்பிக்கும் முன்னர், உஸாமாவின் நிகழ்ச்சியைக் கற்பியுங்கள். ஃபத்வா எழுதும் பேனாவைத் தூக்கும்போது, அதன் மையைத் தெருவிலுள்ள முரடன் எப்படி வாசிப்பான் என எண்ணிப் பாருங்கள். மத்ரஸாவிலிருந்து ஒரு மாணவனை நீக்கினால் அவன் எங்கே போகிறான், யாருடைய பேச்சைக் கேட்கிறான் என்று விசாரியுங்கள். நீக்கியதோடு பொறுப்பும் நீங்கிவிடாது.

தாய்மார்களே, தந்தையரே! உங்கள் பிள்ளையின் கைப்பேசியில் ஒலிக்கும் பயானை ஒரு முறை நீங்களும் கேளுங்கள். 'பெரியம்மா வீட்டுப் பாத்திஹாச் சோறு ஹராம். அவர்கள் முஸ்லிம்களே அல்லர்' என்றோ, 'சின்னத்தா மகன் வழிகெட்டவன். அவனுக்கு ஸலாம் சொல்லாதே' என்றோ பிள்ளை கூறத் தொடங்கினால், 'மார்க்கப் பற்று வளர்கிறது' என மகிழாதீர்கள். அவன் அச்சோற்றை உண்ணாதிருக்கட்டும், அது அவன் கருத்து. ஆனால் பெரியம்மாவுக்கு ஸலாம் உரைத்து, அவர் நோயுற்றால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் கடமை அவனுக்கு உண்டு என்பதைச் சொல்லிக் கொடுங்கள். சாய்ந்தமருதில் மாண்ட அந்த ஆறு குழந்தைகளுக்கும் தாய் தந்தையர் இருந்தனர்.

விழாக் காலங்களில் காவலரை அழைக்க வேண்டியிருந்தால் அழையுங்கள். அவர்களுக்கு நோன்புக் கஞ்சியும் கொடுங்கள். ஆனால் அவர்கள் நம் ஸஃப்புகளுக்கிடையே நிற்க நேரும் நாளை நம் நாவால் வரவழைக்காதிருப்போம். இறைவா! தொழுபவனைக் கண்டு தொழுபவன் அஞ்சும் நிலையை எங்களிடமிருந்து அகற்றுவாயாக. எங்கள் நாவுகளை எங்கள் சகோதரரின் குருதியிலிருந்து காப்பாயாக. ஆமீன்.